கேமரா பழுதாகவில்லை

தென்காசி,
ஜூலை 14, திங்கள்.

அன்புள்ள வேல்விழிக்கு,

இசக்கிராஜா எழுதுவது. நானும் ஸ்வாதியும் நலம். நீ குழு வேலையாகத் திருச்சி போய் இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் கத்திவிடுவேன், போன செவ்வாய்க்கிழமை கத்தியதுபோல. கையில் எழுதும்போது கொஞ்சம் நிதானம் வருகிறது.

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்கு அருவிக்கரையில் டூட்டி. நனைந்த யூனிபார்ம் காயவே மாட்டேன் என்கிறது. ஸ்வாதி கணக்கில் எண்பத்தொன்று வாங்கியிருக்கிறாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று பக்கத்து வீட்டு ஏட்டையாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நடுவில் புகுந்து, “இல்லப்பா, உமாசங்கர் மாமாதான் வீடியோ கால்ல சொல்லிக் குடுத்தாவ” என்றாள். ஏட்டையா சிரித்தார்.

அவள் வாயில் மாமாவாகிவிட்டார் உங்கள் குழு வக்கீல்.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. நீ வைத்த ஸ்டேட்டஸ் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோரு பேர் நிற்கிறீர்கள். நீ அவர் பக்கத்தில் நிற்கிறாய், பல் தெரியச் சிரிக்கிறாய். நம் கல்யாணப் படத்தில்கூட உனக்குப் பல் தெரியாது. இப்போது சீனி இல்லாமல் காப்பி குடிக்கிறாயாம். அது யாருடைய பழக்கம் என்று எனக்குத் தெரியும். நேற்றுப் பேசியபோது ‘உமாசங்கர் சார்’ என்று ஒன்பது முறை சொன்னாய். எண்ணினேன்.

இன்னும் கேவலமான ஒன்றும் செய்தேன். வாகனத் தணிக்கைக்குக் கொடுத்திருக்கும் மெஷினில் அவருடைய பைக் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஏதாவது சிக்கட்டும் என்றுதான். ஹெல்மெட் போடாத அபராதம்கூட இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் கேமரா ஓடுகிறதா, பிடித்து வந்தவர்களை எப்படி நடத்துகிறார்கள், மாமூல் எங்கே போகிறது என்று விசாரித்து அறிக்கை எழுதும் குழுவில் நீ சேர்ந்தபோது நான் தடுக்கவில்லை. போலீஸ்காரன் பெண்டாட்டி போலீஸையே கேள்வி கேட்கிறாளா என்று போலீஸ் குடியிருப்பில் எல்லாரும் கேட்டார்கள். அப்போதும் உன்னை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் போன மாதம் நீ போனில் சொன்னாய், நான் வேலை பார்க்கும் ஸ்டேஷனிலிருந்து தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது, பிடித்து வந்த மாடக்கண்ணுவின் கை ஒடிந்த அன்றைக்குக் கேமரா பழுதாம் என்று. “இதுக்கு மேல எப்படி நிரூபிக்கன்னு உமாசங்கர் சாருக்கே தெரியலை” என்றாய். எனக்குத் தெரியுமா என்று நீ கேட்கவில்லை. அன்றைக்கு நான் டூட்டியில் இருந்தேனா என்றுகூடக் கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் முதல்முறை. “ஏலே இசக்கி, ஒம் பொண்டாட்டி அந்த வக்கீல்கூட ஊர் ஊராச் சுத்துதா. நீ இங்கன பாராவுல நிக்க. ரோசம் இல்லியாலே ஒனக்கு? ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடு. மெரட்டி, மயக்கி கூட்டிட்டுப் போய்ட்டான்னு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

பேப்பரும் பேனாவும் அவரே கொடுத்தார்.

நான் எழுதினேன், விழி. ஒரு பக்கம் எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன். அந்த வக்கீலை லாக்கப்பில் பனியனோடு உட்காரவைத்துப் பார்ப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. அது இனித்தது.

இரண்டாம் பக்கம் திருப்பும்போதுதான் கை நின்றது. மாடக்கண்ணுவையும் இப்படி ஒரு தாளை வைத்துத்தான் தூக்கினோம். மெயினருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். எங்கள் ஆட்கள் வாரா வாரம் மாமூல் வாங்குவதாகக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். மூன்றாம் நாள், குளிக்க வந்த ஒருவருடைய செயினை அவர் திருடிவிட்டார் என்று ஒரு புகார் முளைத்தது. இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல அதை எழுதியது நான். அன்று மத்தியானம் ஸ்டேஷன் காவலுக்குப் பாராவில் நின்றவனும் நான். “கேமராவ அமத்துலே” என்றார் இன்ஸ்பெக்டர். நான் சுவிட்சை அமர்த்தினேன். கதவுக்கு வெளியே நின்றேன். “கைய மட்டும் விட்ருங்கய்யா, அதுலதான் என் சோறு” என்று மாடக்கண்ணு கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது. வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. பாறையில் வழுக்கி விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்கள். அதையும் நான்தான் சொன்னேன்.

ஒரு வருஷமாக உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை உன்னிடம் சொல்லவில்லை.

எழுதியதைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, யோசிக்க டைம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று காலை ரோல்காலில் மறுபடியும் கேட்டார். எழுத முடியாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மாலைக்குள் ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள். நாளை அங்கே போய்ச் சேரவேண்டும்.

இதோடு தனித்தாளில் நடந்ததை முழுதாக எழுதி, பெயர், நம்பர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். கேமரா பழுதாகவில்லை, சொல்லித்தான் அமர்த்தினேன் என்று எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழு நடத்தும் பொதுவிசாரணைக்கு வந்து வாயாலும் சொல்கிறேன். சஸ்பெண்ட் ஆகும். என்மேலும் வழக்கு வரும், வரவும் வேண்டும். குடியிருப்பைக் காலி செய்யவேண்டியிருக்கும். ஸ்வாதியை இப்போதைக்குப் புளியங்குடியில் உன் அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறேன். மாடக்கண்ணு வீட்டுக்கும் போனேன். அவர் சம்சாரம் கதவைச் சாத்திவிட்டார். நியாயம்தான்.

மனசாட்சிக்காகச் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பாதிதான் உண்மை. அந்த வக்கீலுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதை அவர் தேடித் தேடி அலைகிறார், கொடுக்கிறவன் நானாக இருக்கவேண்டும் என்பதும் ஒரு பாதி. அவர் பெயரைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மேலே போகிறது. உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தத் தனித்தாளை அவரிடம் கொடு. இந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. இது உனக்கு மட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எந்தக் குறையும் வராமல் குற்றாலநாதர் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். படித்து முடித்ததும் எழுந்து அவர் அறைக்குப் போகாதே. முதலில் எனக்கு ஒரு போன் பண்ணு. திட்டினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி. முதலில் எனக்கு.

உன்,
இசக்கி