சார்ஜ் திருடனைப் பிடித்த கதை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் பேட்டரி நலம், அதற்கு அடுத்தபடியாக அப்பா நலம், மிச்சம் மீதி இருந்தால் நானும் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை, அந்த நாட்டில் உன் வேலை பெர்மிட் முடிந்ததிலிருந்து நீ போனில் பேசுவதே பூனை நடப்பது போல இருக்கிறது.

கரண்ட் கம்பெனிக்காரன் முகத்தில் இனி முழிக்கமாட்டேன் என்று வீட்டுக்கு வந்த கம்பியை வெட்டிவிட்டுக் கூரையில் சோலார் பேனல் மாட்டினாரே உன் அப்பா, அன்றிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம். மிக்ஸி உச்சி வெயிலில்தான் ஓடும், அயர்ன் பாக்ஸ் நாடு கடத்தப்பட்டுவிட்டது, ஃப்ரிட்ஜைத் திறந்து கொஞ்சம் யோசித்தால் பின்னாலிருந்து செருமல் கேட்கும். போன மாதம் பொழுது சாயும்போதே பேட்டரி படுத்துக்கொள்ள ஆரம்பித்தது, மனுஷன் துப்பறியக் கிளம்பிவிட்டார். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, அங்கே தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் வெல்டர் வேறு நாட்டுக்காரர். தினமும் நம் சமையலறை ஜன்னலில் போனை நீட்டுவார், நான் சார்ஜ் போட்டுக் கொடுப்பேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு மீட்டர் வைப்பார். ஒருநாள் அவரே பார்த்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? நேரே குடியேற்ற ஆபீசுக்குப் போன் போட்டு, வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் எங்க வீட்டு கரண்டைத் திருடுறான், பேப்பர் இருக்கோ என்னமோ, வந்து பாருங்க என்று சொல்லியிருக்கிறார். உன் ஊரில் பேப்பர் இல்லாதவர்களைப் பிடிக்க ரெய்டு என்று செய்தி வந்தால் அந்த அதிகாரிகளை வம்சத்தோடு திட்டுகிற அதே வாய்தான்.

ஜீப் வந்தது. வெல்டரை வேலைக் கையுறையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் போன் நம் வீட்டுச் சார்ஜிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகும் பேட்டரி படுத்தது. நானே ஏணி வைத்து ஏறினேன், பேனல் முழுக்கச் சிமெண்ட் தூசி, மாவு சலித்துக் கொட்டினது மாதிரி. வாராவாரம் துடைப்பது அப்பாவின் வேலை. முழங்கால் வலி என்று மாசக்கணக்கில் ஏறவே இல்லை, அதைச் சொல்ல மட்டும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இறங்கி வந்து நான் பேசியதை எழுதினால் இந்தக் கடிதத்தைத் தபால்காரர் தொடமாட்டார். கையோடு அவரை ஆபீசுக்கு இழுத்துப் போனேன். அவன் திருடலைங்க, நாங்கதான் கொடுத்தோம் என்று அப்பா கும்பிடாத குறையாகச் சொன்னார். அதிகாரியோ, ஐயா இது கரண்ட் கேஸ் இல்ல, பேப்பர் கேஸ், நீங்க வீட்டுக்குப் போங்க என்றுவிட்டார். வக்கீல் ஒருவரைப் பிடித்திருக்கிறோம், வெல்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

அவர் போன் மத்தியானத்தில் அடிக்கும், திரையில் வயதான ஒரு அம்மாவின் முகம் வரும். முதல் தடவை நான் எடுத்தேன், பாஷை புரியவில்லை, ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்போது உன் அப்பாவைத்தான் எடுக்க வைக்கிறேன். அவருக்கும் ஒன்றும் புரியாது, அந்த அம்மாள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

வேளைக்குச் சாப்பிடு, கதவைத் தட்டினால் பார்த்துத் திற. உன் பக்கத்து வீட்டிலும் அப்பா மாதிரி ரொம்ப நியாயம் பேசுகிற பெரியவர் ஒருவர் இருப்பார், அவரை எங்கே கண்டாலும் சிரித்து வை. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, நான் கூப்பிட்டால் நீதான் எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக் கூடாது.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா