பெற்ற பிள்ளையின் நட்சத்திரம்

ஆடி கடைசி வெள்ளி, மில் லீவு, இரவு

மனசு ஆறவில்லை. மகன் பேருக்கு அர்ச்சனை செய்ய நானும், எங்களோடு இருக்கும் நாத்தனாரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனோம். பட்டர் நட்சத்திரம் கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஏட்டி, பெத்த பிள்ளை நட்சத்திரத்த யாராவது மறப்பாகளா?" என்றார் நாத்தனார், வரிசையே கேட்கும்படி. அத்தைக்காரியான அவருக்கும்தான் தெரியவில்லை. அதை யார் கேட்டார்கள்? கடைசியில் சுவாமி பேருக்கே அர்ச்சனை நடந்தது.

மறக்காமல் என்ன செய்யும்? ராஜபாளையம் மில்லில் ராத்திரி முழுக்க அறுந்த நூலை ஒட்டுகிறேன். வீட்டு வேலை முடித்துப் படுத்தால் மதியத்துக்கு மேல்தான் கண் அசரும். ஒரு கனவு தொடங்குவதற்குள் நாத்தனார் கதவைத் தட்டுவார். "விளக்கு வைக்கிற நேரத்துல பொம்பள படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா?" நான் மில்லுக்குப் போவதால்தான் அந்த விளக்கில் எண்ணெய் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் செத்த நேரம் தூங்கிவிட்டேன். கனவில் பிரசவ வார்டு. அம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு, "அனுஷத்துல பொறந்திருக்கான்" என்றாள். விழித்தபோது அனுஷம் நாக்கிலேயே இருந்தது. தூங்கவிட்டால் எல்லாம் தானாக வருகிறது!

ஆசையாகத் திரும்பி, "மதினி, அனுஷம்!" என்றேன்.

"பஸ்ஸுலயும் தூக்கமா ஒனக்கு?" என்றார்.

நாளைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிறேன். இந்த வீட்டில் பொம்பளை இரண்டு பேர் இருக்கிறோம். ஒருத்தி விளக்கு வைத்தால் ஒருத்தி தூங்கலாம்.