வீதியின் மறுபக்கம் நின்ற தாய்

அன்பு மகன் தனுஜனுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டாய், ஆனாலும் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லை, அம்மாளாச்சி உன்னையும் அங்கே அப்படியே வைத்திருக்கட்டும். உன் காலில் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டார்களா? பேர்த்தில் இப்போது வெயில்தானே, உள்ளே கடிக்கும், கம்பி விட்டுச் சொறியாதே. இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மொன்ட்ரியால்-நோரில் பஸ்ஸுக்கு நிற்பதே பெரும்பாடு என்பதால் கடைக்கும் அதிகம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மாமா போன் எடுக்கிற நேரத்துக்குக் கை தானாகப் போனைத் தேடுகிறது. இப்போது நீயும் எடுப்பதில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியும். மாமாவின் அஞ்சலி நாளில் உன் மச்சாள் ஆர்த்திகா போனில் காட்டியதை நீ அங்கிருந்து பார்த்தாய். மாமாவைச் சுட்டவன்ரை தாயோடை போய் நிண்டனீங்களே அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்தவன்தான். நானாக எடுத்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. மாமாவின் பெற்றோல் கடையில் காசு வாங்க நிற்கிற ஜெனாட் என்ற பெண் சொன்னதை ஆர்த்திகாதான் எனக்குத் தமிழில் சொன்னாள், தன் அப்பாவின் சாவைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது பிள்ளைக்கு. சுட்ட அந்த வின்சன்ட், மாமாவின் கடை இருந்த சிற்றூரின் பொலிஸ்காரன், தினமும் காலையில் மாமாவிடம்தான் கோப்பி குடிப்பான். அன்றைக்கு, விட்டுப்போன மனைவியை முதலில் சுட்டிருக்கிறான். பிறகு பொலிஸ் உடுப்போடு, பொலிஸ் காரில், வீடு வீடாகப் போயிருக்கிறான். எங்கோ வெடிச்சத்தம் கேட்டுப் பயந்திருந்த சனம், நல்ல காலம் பொலிஸ் வந்துவிட்டது என்று கதவைத் திறந்திருக்கிறது. திறந்தவர்களைச் சுட்டிருக்கிறான், அதில் பாலர் வகுப்புப் பிள்ளையும் ஒன்று.

மாமாவும், அவன் உதவிக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து வாசலுக்குப் போனாராம். பக்கத்து வீட்டிலிருந்து அவன் துவக்கோடு வருவதைக் கண்டதும் உள்ளே ஓடிவந்து, ஜெனாட்டைப் பியர் அடுக்குகிற குளிரறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பழையபடி மேசைக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். பொன்ஜூர் வின்சன்ட், கோப்பி போடட்டோ என்று கேட்டதுதான் அவளுக்குக் கேட்டதாம். கொஞ்ச நேரம் ஏதோ கதைத்தார்களாம். பிறகு வெடி. அவன் குளிரறைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டான். கடைசியில் காட்டோரத்தில் தன்னையும் சுட்டுக்கொண்டான். ஊரில் ஆமிக்காரனைக் கண்டு வேலி பாய்ந்து ஓடிய என் தம்பி அருமைராசா, இங்கே ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால் ஓடாமல் நின்றிருக்கிறான் மகனே.

அஞ்சலி நாளில் தேவாலயத்துக்கு வெளியே சவப்பெட்டிகள் வரும்போதுதான் அந்த அம்மாவைக் கண்டேன். வீதிக்கு அந்தப் பக்கம் தனியே நின்றார், தலையில் ஒன்றும் போடவில்லை, பனி தலைமுடியில் அப்படியே கிடந்தது. யார் என்று கேட்டேன், ஜெனாட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆர்த்திகா என் கையைப் பிடித்து, அது அவன்ரை தாய், போகாதேங்கோ மாமி, விசரே உங்களுக்கு என்றாள். ஏன் போனேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மன்னிக்கப் போகவில்லை, அதை மட்டும் நம்பு. அவர் பார்தோன் என்று மன்னிப்புக் கேட்டார், அந்தச் சொல் எனக்கு விளங்கும். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் கார் வரும்வரை அவர் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அவருக்கும் மகனின் பெட்டி ஒன்று இருந்தது, அதைத் தூக்க அந்த ஊரில் ஆள் கிடைக்கவில்லையாம்.

ஆர்த்திகா கிழமைக்கணக்கில் வரவில்லை. நேற்று லொங்குய்யிலிருந்து மெத்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து, என் மடியில் படுத்துப் பொழுதுபடும்வரை அழுதாள். அந்த மனிசியைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. போகும்போது, அவன் ஒவ்வொரு கிழமையும் தாயிட்டைச் சாப்பிட வாறவனாம் மாமி, மனசிலை இருந்ததை ஒரு சொல்லும் சொல்லேல்லையாம் என்று மட்டும் சொன்னாள்.

மாமாவின் முப்பத்தோராம் நாளுக்கு மச்சம் மாமிசம் சாப்பிடாதே, காலை மடக்க ஏலாவிட்டால் கதிரையில் இருந்தே விளக்கேற்று. நீ நீண்ட ஆயுளோடு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு ஏச வேண்டும் போலிருந்தால் ஏசு ராசா, எவ்வளவு கத்தினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். கத்தாமல் மட்டும் இருக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா சிவமலர்