வில்பிரட்டின் எடை

1976 ஜனவரி 19

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். உப்பு மூட்டை அடுக்கிக் கிடந்த இடம். இப்போது சுண்ணாம்படித்து, சைக்கிள், தராசு, ஆள் முங்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ‘உடல்திறன் ஆய்வுக்கூடம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் டாக்டர் காசிலிங்கம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். ஓட்டப்பிடாரத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

பம்பாய்க் கடலில் எண்ணெய் எடுக்கிறார்களாம். கடலடியில் வேலை பார்க்க ஆள் வேண்டும். சங்கு குளிக்கிறவர்களில் மூன்று பேரை எடுப்பார்கள். இரண்டு தடவை சோதனை. என் தம்பி வில்பிரட்டும் பேர் கொடுத்திருக்கிறான். அம்மா போனதிலிருந்து வீட்டில் நானும் அவனும்தான்.

ஜனவரி 22

இன்று வில்பிரட் முறை. தராசில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சிலுள்ள காற்றை எல்லாம் வெளியே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் உடம்பில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட முடியுமாம்.

“மூச்ச விட்டுட்டு முங்கணுமா? எங்க அப்பனுக்கு அப்பன்கூட அப்படி முங்கினதில்ல சார்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் செய்தான். தொட்டிக்குள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இசபெல்லா, உங்க தம்பி உடம்பு கடைஞ்செடுத்த மாதிரி இருக்கும்மா” என்றார் டாக்டர். பெருமையாக இருந்தது. மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 3

எல்லாவற்றிலும் வில்பிரட்தான் முதல். அவன் கூட்டாளி கிளாட்வின் நாலாவது. ராத்திரி வில்பிரட் சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டாளிக்கு இடமில்லையே என்ற வருத்தமாக இருக்கும்.

மார்ச் 7

இருமுகிறான். கேட்டால், “பீடிதான்க்கா, விட்டுருதேன்” என்கிறான். சீலா மீன் குழம்பு வைத்தால் சட்டியை வழிப்பவன், இன்று இரண்டு வாயோடு எழுந்துவிட்டான். முதுகெலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

மார்ச் 24

எழுதித்தான் ஆகணும்.

இரண்டாம் சோதனை. இடுப்புச் சதை மடிப்பைக் காலிப்பர் இடுக்கியால் பிடித்து அளக்கப் போனேன். கால்சட்டைக்கு உள்ளே கெட்டியாக ஏதோ தட்டியது. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. துணிக் கச்சையில் வரிசையாகக் கோத்து இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறான். எடை குறைந்தது தெரியக் கூடாதென்று.

“அக்கா, பேசாம இரி” என்றான் உதட்டை அசைக்காமல். “ஒரு மாசத்துல தேறிருவேன். மாதா மேல ஆணையா.”

என் விரல் அவன் விலாவில் இருந்தது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே ஒண்ணுமில்ல. நான் ஆஸ்பத்திரியில் எத்தனை உடம்பைத் தொட்டவள்!

“கழத்திட்டு ஏறு” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

கழற்றித் தரையில் போட்டான். அந்தச் சத்தம். தராசில் நாலு கிலோ குறைவு. தொட்டியில் இறக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் கணக்கை இன்னொரு தடவை போட்டார். பிறகு, “குறைஞ்சது கொழுப்பு இல்லம்மா. சதை கரையுது. நாளைக்கே நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கணும்” என்றார்.

மார்ச் 26

பேச மாட்டேன் என்கிறான். கிளாட்வின் வீட்டில் படுத்துக்கொள்கிறான்.

ஏப்ரல் 9

டாக்டர் தன் காரிலேயே மதுரைக்குக் கூட்டிப் போனார். இங்கே எக்ஸ்ரேயில் தெரிந்ததைத்தான் அங்கேயும் சொன்னார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் கட்டி. கத்தி வைக்க முடியாத இடமாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் வில்பிரட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 30

“நீங்க சொன்னதாலதான் நோய் தெரிஞ்சுது” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். தெரிஞ்சு என்ன ஆச்சு சார்? கேட்கவில்லை.

நான் வாயை மூடியிருந்தா? பம்பாய் ரயிலாவது ஏறியிருப்பான். இல்ல, கடலுக்கடியில நெஞ்சடைச்சு, யாருமில்லாம... தெரியல. மாதாவே, எனக்குத் தெரியல.

மே 16

வில்பிரட்டின் இடம் கிளாட்வினுக்குப் போய்விட்டது. சொல்லிக்கொள்ள வந்தவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “நான் போகலடா” என்று அழுதான்.

கட்டிலில் கிடந்தபடியே இவன் சொன்னான்: “ஏலே, நீ போகாம இருந்தா நான் எந்திரிச்சிருவனா? போ. போய் நல்லா இரி.”

கிளாட்வின் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை இல்லை. சோற்றை வைப்பேன்; கொஞ்சம் தின்பான். துடைத்து விடுவேன், கண்ணை மூடிக்கொள்வான்.

ஜூன் 20

சாயங்காலம் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனான், இறக்கினான். திரும்பவும் கொண்டுபோனான். ஊதப் பார்த்தான். ஆவிகூட அசையவில்லை.

“அக்கா” என்றான். “சுடுது. ஊதித் தா.”

ஊதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கரண்டியாக. முழுவதும் குடித்தான். நடுவில், “அண்ணைக்கு நீ சொல்லாட்டா நாலு நாள் கூட ஏமாத்திருப்பேன், என்னா?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் கையை என் கைமேல் வைத்து, “விடுக்கா” என்றான்.

ஜூலை 4

ஞாயிறு. பூசை மணி அடிக்கும்போது. என் மடியில்தான்.

டிசம்பர் 23

கிறிஸ்துமஸுக்குக் கிளாட்வின் ஊருக்கு வந்திருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கல்லறைக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தான். கால் முழுக்க மணல். தலைமுடியைப் படிய வாரி, நிறம் கறுத்து, வேற ஆள் மாதிரி இருந்தான். உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

பம்பாய்க் கடல் எப்படியிருக்கு என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாயில் வந்துவிட்டது.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“கலங்கத் தண்ணிக்கா. உள்ள இறங்குனா நம்ம கையே நமக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் வேலை பாக்கணும்” என்றான். பிறகு, “அவனுக்குப் புடிச்சிருக்காது” என்றான்.

இன்னொரு மீன் துண்டு வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டான்.