பெட்ரோலைப் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் ஏறினார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் அவன் மனைவியும் குழந்தையும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், அப்படி இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தால் இப்போதைக்குப் போதும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அப்புறம் சிக்னல் இல்லை என்பாய். தாளில் எழுதினால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். தம்பி இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவான், தாளைக் கூரியரில் போடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுகிறாள், டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் வலி போய்விடுகிறது. தம்பி குழந்தை பேச ஆரம்பித்திருக்கிறது, எது காணாமல் போனாலும் பறந்துடுச்சு என்கிறது, செருப்பும் பறந்துவிடுகிறது, என் மூக்குக் கண்ணாடியும் பறந்துவிடுகிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி உன் செய்திக்கு வருகிறேன்.

சின்ன விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றி நீ எடுத்த படத்தை நம் விமானத் திடலில் போட்டுக் காட்டினோம். விமானக் கொட்டகையில் இரண்டு விமானங்களை வெளியே தள்ளிவிட்டு, வெள்ளைத் துணி கட்டி, வாடகை நாற்காலி வரவழைத்து, நானே ஓடி ஓடி ஏற்பாடு செய்தேன். கிளப்பில் பறக்கிறவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் பாதியில் விமானத்தின் நிழல் வீட்டுக் கூரைகள் மேல் ஏறி இறங்கி ஓடுகிறதே, அந்தக் காட்சியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன், உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம், என் பொண்ணு எடுத்தது என்று அவர் கேட்காமலே இரண்டு தடவை சொன்னேன். இடைவேளையில் எல்லாருக்கும் டீ, பிஸ்கட் என் செலவு. அந்த டீயை அவர்கள் குடித்து முடிப்பதற்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டது என்றால் நீ நம்ப மாட்டாய். படம் எடுத்தவள் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள், பேச்சு வாங்குகிற நான் இந்தத் திடலிலேயே நம் விமானப் பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

பல் டாக்டருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது, பிடிக்காமல் என்ன, அவர் முகம் வராத இடமே இல்லை. இதுமாதிரி ஒரு படம் வந்ததே இல்லை என்கிறார். தன் ஆஸ்பத்திரியில் நாற்காலிக்கு எதிரே டிவியில் ஓடவிட்டிருக்கிறார், அங்கே படுத்திருக்கிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது. பயிருக்கு மருந்து தெளிக்கும் பைலட் இருக்கிறாரே, அவர் எரிந்து விழுகிறார். "மேகம், மேகம், அதை விட்டா சூரியன். நான் வயலுக்கு மேல ஆள் உயரத்துல, கரண்ட் கம்பிக்குக் கீழ புகுந்து போறேன், அது ஒரு நிமிஷம்கூட வரல. பார்க்கறவன் என்ன நினைப்பான், இது காசுக்காரன் பொழுதுபோக்குன்னுதானே?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், நான்தான் அவரைப் படத்திலிருந்து வெட்டி எறிந்தேன் என்பதுபோல. கிளப் தலைவர் கேப்டன், பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர், அவர் இருட்டில் டார்ச் அடித்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். பச்சை விமானம் கிளம்பும்போது நீ போட்டிருக்கிற சத்தம் அந்த விமானத்தின் சத்தமே இல்லையாம், அது வேறு ஏதோ பெரிய இன்ஜினின் சத்தமாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரியும் என்றார். அப்போது நான் உனக்காகப் பேசினேன், சத்தத்தில் என்ன சார் இருக்கிறது, சின்னப் பெண், அழகுக்காகப் போட்டிருப்பாள் என்றேன். அப்படிச் சொன்ன வாய்தான் இப்போது இதை எழுதச் சொல்கிறது. வாத்தியாரிடம் பறக்கக் கற்றுக்கொள்கிறாளே மருந்துக்கடைக்காரர் மகள், அவள் முதல் பாதி முடிந்ததும் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். நான் எதுக்கு இதைப் பண்றேன்னு எங்கம்மாவுக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது அங்கிள் என்றாள். இரண்டாம் பாதி முடிந்ததும் அதே அம்மா அதே பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாளையிலிருந்து நீ அந்த ஆளோடு ஏறக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள், எல்லாரும் கேட்டோம்.

எந்த ஆளோடு? உன் வாத்தியார் மாமாவோடு. இரண்டாம் பாதியில் நீ என்ன காட்டினாய் என்பது உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன், ஏனென்றால் நீ தெரியாதவள் போலத்தான் நடந்திருக்கிறாய். விமானத்தில் ஏறுவதற்கு முன் இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் தொட்டியின் அடித் திருகைத் தள்ளி, ஒளி ஊடுருவும் சின்னக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துப் போல உருண்டு நிற்கும். அது இன்ஜினுக்குள் போனால் மேலே போனபின் இன்ஜின் நின்றுவிடும், அங்கே ஓரமாக நிறுத்திப் பார்க்க இடம் கிடையாது. இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பள்ளிக்கூடச் சட்டையோடு அந்தக் குவளையைத் தூக்கிப் பிடித்து, மாமா முத்து இல்லை, முத்து இல்லை என்று கத்துவாயே, அந்த மாமா. அந்த மனிதர் உன் படத்தில் நேராக நடந்து வருகிறார், இறக்கையைத் தடவுகிறார், ஏறி உட்கார்கிறார், கிளம்பிவிடுகிறார். குவளையும் இல்லை, திருகும் இல்லை. அதன்மேல் உன் குரல், பழகிப்போன வானத்தில் பயம் எந்த நாள் காணாமல் போகிறது என்று கேட்கிறது. உடனே எங்கோ ஒரு வயலில் நொறுங்கிக் கிடக்கும் விமானம். கொட்டகையில் அத்தனை பேரும் திரும்பி வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளே, நான் அங்கே நின்றுகொண்டிருந்தேனே. முதல் தடவை நீ எடுத்தபோது வாத்தியார் இரண்டு இறக்கையிலும் பெட்ரோல் பிடித்துப் பார்த்தார், குவளையை என்னிடம் நீட்டி, உங்க சரக்கு சுத்தமா இருக்கு அண்ணே என்று கேலி கூடச் செய்தார். நீதான் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, அப்பா உங்க தொந்தி குறுக்கே வந்துடுச்சு, தள்ளி நில்லுங்க, மாமா மறுபடி அங்கேருந்து நடந்து வாங்க, இப்ப வெளிச்சம் நல்லா இருக்கு, சோதனை எல்லாம் வேண்டாம், நேரா வந்து ஏறுங்க என்றாய். நீ சொன்னதால்தான் அவர் நேராக வந்து ஏறினார். இடையில் நான் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட ஊற்றவில்லை, விமானம் நின்ற இடத்திலேயே நின்றது, திரும்பச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. நீ சொன்னபடி நடந்த மனிதனை, நீ சொன்னதை மறைத்து, பயமற்ற முரடன் என்று உலகத்துக்குக் காட்டியிருக்கிறாய். தகுதி பத்தாத ஆளை நல்ல ஆளாகக் காட்டியிருந்தால்கூட ஏதோ பாசம் என்று விட்டிருப்பேன். நல்ல சரக்கை அழுகல் என்று சொல்லி விற்ற வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை, என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

அன்று நான் போன் செய்து கேட்டதற்கு நீ சொன்ன பதிலை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. படம்னா ஒரு உரசல் வேணும்பா, எல்லாரும் நல்லவங்கன்னு காட்டினா விளம்பரம் ஆயிடும் என்றாய். சரி, உரசல் வேண்டும் என்றால் மருந்து தெளிக்கிறவரிடம் மைக்கை நீட்டியிருந்தால் போதும், அந்த வாய் தெளிக்காத இடமே இல்லை. அதன்பிறகு, மாமாவே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு என்னப்பா என்றாய். அவர் ஏன் சொல்லவில்லை தெரியுமா? உன்னைப் பொய்க்காரி என்று அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் சொல்லவில்லை. அதை நீ உனக்கு வசதியாக எடுத்துக்கொண்டாய். நீ டிவிக்காரர்களுக்குக் கொடுத்த படத்தை இன்ஷூரன்ஸ்காரர்களும் பார்த்துவிட்டுக் கிளப்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வாத்தியார் யாருக்கும் கற்றுத்தரக்கூடாது என்று கேப்டன் பலகையில் ஒட்டிவிட்டார். அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள். கற்றுத்தரும் அனுமதி ஒருமுறை பறிபோனால் இந்த வயதில் எந்தக் கிளப்பும் அவரைச் சேர்க்காது. அவருக்கு வேறு தொழில் கிடையாது, வேறு பேச்சும் கிடையாது. இப்போது தினமும் காலையில் வந்து கொட்டகைக்குப் பின்னால் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வருவதில்லை. தம்பி டீ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்.

போன வாரம் செயற்குழு கூடியது. இதை நீ மற்றவர் சொல்லிக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அன்னைக்கு பெட்ரோலைச் சோதிச்சீங்களா, இல்லையா என்று கேப்டன் கேட்டார். வாத்தியார், படத்துல இருக்கறதுதான் நடந்துச்சு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து, முழுசாச் சொல்லுய்யா என்று கத்தினேன். நானே சொன்னேன், அவர் சோதித்தார், நான் பார்த்தேன், குவளையை என் கையில் கொடுத்தார் என்று. மருந்து தெளிக்கிறவர் சிரித்தார். "பொண்ணு எடுத்த படம், அப்பா ஊத்தின பெட்ரோல், இதுல நாங்க யாரை நம்பறது முதலாளி?" என்றார். சபையே சிரித்தது. பல் டாக்டரும் சிரித்தார், என் டீயைக் குடித்தவர். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "என் பொண்ணு வெட்டிட்டாய்யா. தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் வெட்டினா. தப்பு அவளோடது, இந்த மனுஷனோடது இல்ல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஆமாம், உன்னை விட்டுக்கொடுத்தேன். யாரும் அப்புறம் சிரிக்கவில்லை. அந்த முழுக் காட்சி உங்க பொண்ணுகிட்ட இருக்குமா என்று கேப்டன் கேட்டார். இருக்கும் என்றேன். அனுப்புவாளா என்றார். அனுப்புவா என்றேன். உன்னைக் கேட்காமலே சொன்னேன். மாதக் கடைசியில் மறுபடி கூடுகிறார்கள்.

வெளியே வந்ததும் வாத்தியார் என்மேல் பாய்ந்தார். பெத்த பிள்ளையை இப்படிச் சபையில வச்சு அசிங்கப்படுத்துவீங்களா, அவ இப்பத்தான் தலையெடுக்கறா, என்ன மனுஷன் அண்ணே நீங்க என்றார். யோவ், உன் பொழைப்புக்குத்தான்யா பேசினேன் என்றால், நான் கேட்டேனா என்கிறார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. அம்மாவும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, உன் பெயர் ஊர் வாயில் விழுந்துவிட்டதாம். ஆக உனக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டார், உன்னால் நான் வாயைத் திறந்தேன், இரண்டு பேரும் கெட்டவர்களாகிவிட்டோம்.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். முதலில் எடுத்த காட்சியை, என் தொந்தியோடு, உன் குரல் வருகிற இடம் உட்பட, ஒரு இடமும் வெட்டாமல் கேப்டனுக்கு அனுப்பு. அடுத்து அந்த இடத்தைப் படத்தில் திருத்து. டிவிக்காரர்கள் கோபிப்பார்கள், கொடுத்த படத்தைத் திரும்ப வாங்கினால் உன் பெயர் கெடும் என்று நீ சொல்வாய். கெடட்டும். தப்பான சரக்கு கடையை விட்டுப் போய்விட்டால் வண்டி அனுப்பித் திரும்ப எடுத்துவந்துதான் நான் இந்தப் பங்கைக் கட்டினேன், அப்போதும் பெயர் கெட்டது, அப்புறம் அதே ஆட்கள்தான் வாங்க வந்தார்கள். வாத்தியாருக்கு நீயே போன் செய். அவர் பரவாயில்லம்மா என்பார். அதைக் கேட்டதும் நிம்மதியாக போனை வைத்துவிடாதே, பரவாயில்லை என்று சொல்கிற நிலைமையில் அவர் இல்லை.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு ஆசி எழுதக் கை வரவில்லை, அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள், அதனால் எழுதுகிறேன், எழுதும்போது மனதாரத்தான் எழுதுகிறேன். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு நல்ல வேலைகள் வர வேண்டும், எடுத்த வேலையில் உனக்கே தலை குனிவு வராமல் இருக்க வேண்டும். குளிருக்கு அந்தக் கனத்த கோட்டைப் போடு, அழகாக இல்லை என்று பெட்டியிலேயே வைக்காதே. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. காட்சியை அனுப்பிவிட்டேன் என்று எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நீ அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும், அடுத்த நாள் காலை வாத்தியார் விமானத்தைத் தள்ளிக்கொண்டு என் பங்குக்குப் பெட்ரோல் போட வருவார். என்னோடு பேசாமலே போட்டுக்கொண்டு போனாலும் சரி.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு இல்லை, அந்தக் காலைக்குக் காத்திருக்கும்
அப்பா