எங்கே என்று கேட்காத காலை

12 பிப்ரவரி 1943
பாயில் மிளகு காய்கிறது. காவலுக்கு உட்கார்ந்த ராசப்பன் சுட்ட குச்சிக்கிழங்கைத் தின்றுவிட்டு, கோழி தின்றுவிட்டது என்றான். "தோலை உரிச்சு வெச்சுட்டுத் திங்கற கோழியா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். வைகாசியில் கல்யாணம், இன்னும் தம்பிக்குப் புத்தி வரவில்லை. அருணாசலத்தின் மகள் சென்னம்மாள் பாவம், இந்தக் குரங்கோடு எப்படிக் குப்பை கொட்டப் போகிறாளோ.

13 பிப்ரவரி
காலையில் தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். "அக்கா, வாரேன்" என்றான். எங்கேடா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். வெளியே கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். சின்ன வயதில் அப்படிக் கேட்டு அம்மாவிடம் அடியே வாங்கியிருக்கிறேன். "பார்த்துப் போய்ட்டு வா சாமி" என்றேன்.

பொழுது சாய்ந்தும் வரவில்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியிருப்பான், மலையேற நேரமாகிவிட்டிருக்கும். அவனுக்குக் கிழங்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

14 பிப்ரவரி
வரவில்லை.

19 பிப்ரவரி
வீட்டுக்காரரும் ஊர் ஆட்களும் எங்கள் பைல் நாட்டு மலையூர்கள் முழுக்கத் தேடிவிட்டார்கள். அருவிப் பக்கம் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். கரடி இழுத்திருந்தால் சட்டைத் துணியாவது கிடக்காதா? ஒன்றுமே இல்லை. அத்தனை பேரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள் — எந்தப் பக்கம் போனான்? கிழக்கே போனானா, மேற்கே போனானா, அதுகூட எனக்குத் தெரியாது. வாரேன்னு சொன்னானே. அவ்வளவுதான் தெரியும்.

3 மார்ச்
அடிவாரத்துக்கு இறங்கிப் போய்ப் போலீசில் சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து, "எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்கலியாம்மா?" என்றார்.

"கெளம்பறவன எப்படீங்க கேக்கறது?"

அவர் மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் வீட்டிலும் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அத்தை வீட்டில் தங்கி நாலாம் வகுப்புவரை படித்ததற்கு இதைப் படிக்கவா கொடுத்து வைத்தது? 'போன இடம் தெரியவில்லை' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

22 ஏப்ரல்
காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மிளகு வாங்க வந்த சேக் மைதீன் பாய், சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் விசாரித்தாராம். அந்தப் பேரில் யாரும் சேரவில்லை. "பேர மாத்திக் குடுத்துருப்பான்மா, வயசுப் பசங்க அப்படித்தான் பண்றானுங்க" என்றார். வேறு பேரிலாவது எங்காவது சோறு தின்றுகொண்டிருக்கட்டும்.

வைகாசி முகூர்த்த நாள்
இன்று அவனுக்குத் தாலி கட்டுகிற நாள். நான் காட்டுக்குக்கூடப் போகவில்லை.

ஆடிப் பதினெட்டு
கோயிலுக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்திருந்தது. சாமியை நான் பார்க்கவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டவன் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தன் பின்னாலேயே நடந்துபோய்த் தோளைத் தொட்டுவிட்டேன். திரும்பினான். யாரோ, எந்த ஊரோ. "என்னங்கக்கா?" என்றான். அந்த 'அக்கா' காதில் விழுந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

9 நவம்பர்
இன்று பெரிய சண்டை. வீட்டுக்காரர் மூட்டையைத் தலையில் ஏற்றியதும், "ஏனுங்க, எங்க போறீங்க?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"கெளம்பறப்ப கேட்டா போற காரியம் வெளங்குமா?"

"வெளங்காட்டிப் போகுது! ஒருத்தன வாயப் பொத்திக்கிட்டு அனுப்பி வெச்சனே, அவன் காரியம் வெளங்குச்சா? எனக்குத் தெரியணுமுங்க. போற எடம் தெரியணும்."

எப்படிக் கத்தினேனோ, பக்கத்து வீட்டு அத்தாயி ஓடி வந்துவிட்டாள். அவர் எழுந்து மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. நான் வாசலைப் பார்த்தபடியே கிடந்தேன். பொழுதோடு வந்துவிட்டார்.

10 நவம்பர்
இன்று கிளம்பும்போது அவராகவே வாசலில் நின்று, "கீழ்க்காட்டுக்கு" என்றார்.

20 ஜனவரி 1944
அருணாசலம் வெற்றிலை பாக்கோடு வந்தார். சென்னம்மாளை இதே மலையில் குண்டூர் நாட்டில் மாதேஸ்வரன் என்று ஒரு பையனுக்குக் கேட்கிறார்களாம். "பேசி முடிச்ச புள்ள. ராசப்பன் இனி வரமாட்டான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா ஊருக்குப் பதில் சொல்லிக்குவேன்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டேன். வெற்றிலையைத் தொடவில்லை. பெத்தவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை என் வாயிலா கேட்பது?

2 பிப்ரவரி
ஊற்றில் சென்னம்மாளைப் பார்த்தேன். இளைத்துப் போய்விட்டாள். "நீங்க இருன்னு சொன்னா இருக்கறேனுங்க அக்கா" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, நிஜமாகவே இருந்துவிடுவாள். குடத்தோடு நேராக அருணாசலம் வீட்டுக்குப் போனேன்.

"அவன் வரமாட்டான்னு நான் சொல்ல மாட்டேனுங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன். புள்ளயக் கட்டிக் குடுங்க. அவ காத்துக் கெடக்க வேண்டாம். நான் காத்துக்கறேன்."

குடத்துத் தண்ணீர் பாதிக்கு மேல் வழியில் சிந்திவிட்டது.

வைகாசி, வெள்ளிக்கிழமை
சென்னம்மாள் கல்யாணம் முடிந்தது. பொண்ணு மாப்பிள்ளை எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கல்யாணக் கூட்டம் எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது.

"அக்கா! நான் குண்டூர் நாட்டுக்குப் போறேனுங்க. மாதேஸ்வரன் ஊட்டுக்கு. போய்ட்டு வாரேனுங்க."

போகிற நேரத்தில் இது என்ன பேச்சு என்று பெண்கள் அதட்டினார்கள். அவள் நகரவில்லை. நான் கதவைத் திறந்து, "மகராசியாப் போய்ட்டு வா கண்ணு" என்ற பிறகுதான் போனாள்.

17 மார்ச் 1946
பர்மாச் சண்டையிலிருந்து திரும்பின பட்டாளத்துக்காரர் ஒருத்தர் அடிவாரத்தில் இருக்கிறார் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். போய்க் கேட்டேன். மலைக்காரப் பையன் யாரையும் பார்க்கவில்லை என்றார். அந்த மனுஷருக்கு ஒரு கை இல்லை. அவரிடம் மேலே என்ன கேட்பது? கருமாதி செய்துவிடலாம் என்று பங்காளிகள் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்கள். பேசட்டும்.

4 ஏப்ரல் 1946
இந்த ஊரில் இப்போது யார் கிளம்பினாலும் எங்கள் வாசலில் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "பாப்பாத்திக்கா, சந்தைக்குப் போறேனுங்க." "மொளகுக் கொடி கட்டப் போறேனுங்க." யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. நானும் கேட்பதில்லை.

இன்று எனக்கும் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் மூட்டையோடு முன்னால் போய்விட்டார். கதவைச் சாத்தினேன். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, கதவோரம் வாயை வைத்துச் சொன்னேன்:

"ராசப்பா, அக்கா சந்தைக்குப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். அடுப்போரம் கெழங்கு வெச்சிருக்கறேன், எடுத்துத் தின்னு சாமி."