நீ நீக்க மறுத்த பத்தி

1. நான், மாசிலாமணி, திருவள்ளூரில் வழக்கறிஞர். சட்டக் கல்லூரியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எவர் தூண்டுதலுமின்றி இதை எழுதுகிறேன்.

காலையிலிருந்து என் அறையில் சென்னாக்கூனிக் கருவாட்டு வாசனை. உன் குப்பத்துப் பெரியவர்கள் இருவர் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். ஏரியில் மீன்பிடிக்க அவர்களுக்குள்ள வழக்காற்று உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட, அன்று நாம் எழுதிய ஆய்வுக்கட்டுரை வேண்டுமாம்.

"அந்த ஒரு பத்திய மட்டும் எட்த்துட்டுக் குடு சார்."

எந்தப் பத்தி என்று நான் கேட்கவில்லை.

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை விரிப்பது என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் பாடு முறைதான் நம் தலைப்பு. பங்குள்ள ஆண்களை மட்டும் விசாரித்தால் போதும் என்று பேராசிரியர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார். பஸ்ஸில் நீ கேள்வித்தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகினாய். "பங்கு இருக்கறவன கேட்டா இருக்குதுன்னுவான்டா. இல்லாதவள கேட்டாதான் சட்டம் இன்னான்னு தெரியும்."

முதலில் கேட்டது உன் அக்காள் பொன்னியை. கணவர் இறந்ததும், பெண்ணுக்குப் பங்கில்லை என்று அந்த வீட்டுக்குப் பாடு நின்றுபோயிருந்தது. "வலையும் கீது, பசியும் கீது, சீட்டுதான் இல்ல. எழுதிக்கோ நைனா" என்றார்.

மாலையில் பெரியவர்கள் உன்னை அழைத்தார்கள். "அத்த எழுதுனா உன் பேருக்கும் சீட்டு கெடையாது."

"போடாதீங்க" என்றாய்.

அக்காள் சொன்னதை ஒரு பத்தியாக எழுதினாய். சொன்னபடியே சீட்டிலிருந்து உன் பெயரையும் நீக்கினார்கள். பேராசிரியர் அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார். நீ ஒரு சொல் மாறாமல் மீண்டும் எழுதிக் கொடுத்தாய். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் நமக்கு. "பாஸ்தான? பேஜாரு வுடு" என்று சிரித்தாய். அக்காள் பிள்ளைகளுக்காகக் கும்மிடிப்பூண்டி ஆலையில் ஷிப்ட் பார்த்தபடியே படித்தாய். கறுப்பு அங்கி அணியுமுன் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

இன்று அவர்களிடம் சொன்னேன்: "வழக்காறு என்று வாதாடிவிட்டு அதில் பாதியை மறைக்க என்னால் ஆகாது. கட்டுரை முழுதாகத்தான் வரும். பொன்னி அம்மாளும் சாட்சிக் கூண்டில் ஏறுவார்."

"கேஸு தோத்துட்டா?"

"முழுதாகத் தோற்போம். ஒப்பாவிட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள்."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வாசனை மட்டும் போகவில்லை.

எச்சரிக்கை என் தொழில். ஒவ்வொரு மனுவிலும் பாதி வரிகளை அடிப்பவன் நான். எதன்மேல் பேனா வைக்கக் கூடாது என்ற பாடம் மட்டும் உன்னுடையது. அதை எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

(ஒப்பம்) மாசிலாமணி

சாட்சிகள்:
1. பொன்னி, உன் அக்காள். படித்துக் காட்டியபின், ஒரு சொல்லும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.
2. தணிகாசலம், குமாஸ்தா.